உள்பக்கம் பார்த்த போர்ட்

எவ்வளவு துடைத்தும் அந்தக் கறை போகவில்லை. ரேகை வைக்கும் கருவியின் கண்ணாடியில், சரியாக நடுவில், ஒரு விரல் அழுந்திய அளவுக்கு மங்கலாக ஒரு வட்டம். அன்பரசி முதலில் துப்பட்டா முனையால் துடைத்தாள். பிறகு மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து, வாயால் ஆவி ஊதி அழுத்தித் தேய்த்தாள். கண்ணாடி பளபளத்தது. வட்டம் அப்படியே இருந்தது. கருவியைக் கையில் தூக்கி வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கறை மேல்பக்கத்தில் இல்லை. கண்ணாடியின் அடியில் இருந்தது. உள்ளேயிருந்து யாரோ விரல் வைத்துப் பார்த்த மாதிரி.

மழைக்காலம், உள்ளே ஈரம் இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை மேஜையில் வைத்தாள்.

கடப்பாக்கம் கடைத்தெருவிலிருந்து குப்பத்துக்குத் திரும்பும் சாலையில் அவர்கள் வீடு. முன்னறைக்கு ஷட்டர் போட்டு அன்பரசி அதில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். ரேஷன் கார்டுக்கு ரேகை பதிவது, பட்டா எடுத்துக் கொடுப்பது, பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று அனுப்புவது, பரீட்சை விண்ணப்பம், ஜெராக்ஸ் என்று ஆள் வந்தபடி இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர். பிரிண்டர், ஸ்கேனர், கேமரா, ரேகைக் கருவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் இருந்தது, அவற்றைச் சொருகத்தான் இடமில்லை. ஒன்றைக் கழற்றித்தான் ஒன்றைச் சொருக வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சொருக ஹப் ஒன்று வாங்கிப் பார்த்தாள். விரல் வைக்கிற நேரம் பார்த்துக் கருவி துண்டித்துக்கொண்டது. வாசலில் நிற்பவர்கள் அவளைத்தான் திட்டினார்கள்.

அதற்காகத்தான் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தாமோதரன் முந்தின நாள் வந்து போயிருந்தான்.

"ஒரு ஹப்புல இத்தினியும் சொருவினா கரண்டு எப்டிக்கா பத்தும்?" என்று சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினான். "உள்ள ஒரு ஸ்லாட்டு காலியாத்தான் கீது. கார்டு ஒண்ணு போட்டா பின்னால நாலு போர்ட்டு வந்துரும். அதுக்கு சப்ளையும் தனி. அப்பறம் பேஜாரே இல்ல."

பையிலிருந்து அவன் எடுத்த பச்சைக் கார்டு புதிது இல்லை. ஓரமெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை படிந்திருந்தது. தின்னர் தொட்ட பிரஷ்ஷால் அதைத் தேய்த்தபோது, தின்னர் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை கிளம்பியது. தண்ணீர் வற்றிய உப்பங்கழியில், வெயில் ஏறும் நேரத்தில் சேற்றிலிருந்து எழும் வாசனை.

"பழசாடா இது?"

"புதுசு ஸ்டாக்கு இல்லக்கா. ஏதோ ஸ்கிராப்புல வந்த சிஸ்டத்துல கயட்னது. நல்லா ஓடும், பாரு."

கார்டின் பின்முனையில் நான்கு போர்ட்டுகள் வெளியே பார்த்து இருந்தன. ஐந்தாவதாக ஒன்று மட்டும் கேபினெட்டின் உள்பக்கம் பார்த்து இருந்தது.

"இது இன்னாத்துக்கு உள்ள பாத்துகினு கீது?"

"எதுனா உள்ளயே சொருவி மூடிக்கறதுக்குக்கா. வெளிய இருந்து யாரும் கயட்ட முடியாது. நமக்கு அது தேவையில்ல, அதுபாட்டுக்கு கெடக்கட்டும்."

தகட்டை மூடி, முறுக்கி, ஒவ்வொரு வாலாகப் பின்னால் சொருகினான். ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் டொடங் என்று ஒரு சத்தம் கொடுத்தது. எல்லாம் சொருகி முடித்து அவன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்த பிறகு இன்னொரு டொடங் கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திரையின் மூலையில் ரேகைக் கருவி தயார் என்று ஒரு அறிவிப்பும், அதற்குக் கீழே அதே அறிவிப்பு இன்னொரு தடவையும் வந்து மறைந்தன.

"ரெண்டு தபா காட்டுது. வுடுக்கா," என்றான் தாமோதரன். சோதிப்பதற்காகத் தன் நடுவிரலைக் கண்ணாடியில் வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்த கையோடு பச்சை டிக் விழுந்தது. "பாத்தியா, எம்மாம் ஸ்பீடு!"

மறுநாள் காலையில்தான் அந்தக் கறை.

கடையைத் திறந்ததும் அரசு இணையதளத்துக்குள் நுழைய அன்பரசியும் தன் விரலை வைத்தாக வேண்டும். வலது ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் வைத்தாள். சில்லென்றிருந்தது. எடுக்கும்போது விரல் ஒரு நொடி ஒட்டிக்கொண்டு வந்தது. ஈர உதட்டிலிருந்து எடுப்பது போல. விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு முதலில் வந்தது கன்னியம்மா. குப்பத்தில் மீன் வாங்கி, கருவாடு போட்டு, கூடையில் சுமந்து விற்கிறவள். ஐம்பதைத் தாண்டிய கட்டை உடம்பு, கணீரென்ற குரல். உப்பிலும் செதிலிலும் கிடந்து அவள் விரல்களில் ரேகை என்று ஒன்றுமே மிச்சமில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் பதியாமல் பல தடவை திரும்பிப் போயிருக்கிறாள். ரேகை பதியாவிட்டால் கார்டிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள் என்று ரேஷன் கடையில் சொல்லியிருந்தார்கள்.

"இன்னா அன்பு, இன்னிக்காச்சும் உன் பொட்டிக்கு என்ன அடையாளம் தெரியுமா?" என்றபடி கட்டைவிரலை வைத்தாள்.

பச்சை டிக்.

கன்னியம்மா நம்பவில்லை. திரையைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தாள். "நான் உசுரோடதான்மா கீறேன்! மெசினே சொல்லிட்ச்சு!"

செய்தி குப்பம் முழுக்கப் பரவ நேரமாகவில்லை. வலை இழுத்துத் தேய்ந்த விரல்கள், உப்பளத்தில் வெந்த விரல்கள், வயதில் வழவழத்துப்போன விரல்கள் எல்லாம் வந்தன. எல்லாம் முதல் தடவையிலேயே பதிந்தன. ரிட்டயர்டு வாத்தியார் உலகநாதன் மோதிர விரலை வைத்து, உயிர்ச் சான்று நொடியில் போனதைக் கண்டு அவளை ஆசீர்வதித்தார். அன்பரசிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தும் கூட்டம் இல்லாத நேரத்தில் அவளால் அந்த அறையில் சும்மா உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். காரணமில்லாமல் வாசலுக்குப் போய் நின்றாள். மதியம் தெரு அடங்கி, ஃபேன் சத்தமும் தூரத்து அலைச் சத்தமும் ஒன்றாகக் கலந்து கேட்கும்போது, அந்தச் சத்தங்களுக்கு நடுவில், கேபினெட்டுக்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது. நகத்தால் அல்ல, விரலின் சதையால் தகரத்தைத் தடவுகிற மெல்லிய வழுக்கல் சத்தம். அவள் காதைத் தீட்டினால் நின்றுவிடும். கேபினெட்டின் காற்றுத் துளைகள் வழியே சில சமயம் சிவப்பாக ஒரு வெளிச்சம் கசிந்து அணையும். ஒவ்வொரு தடவையும் அவள் மேஜைமேல் இருந்த கருவியைத்தான் பார்த்தாள். அதில் விளக்கு எரியவில்லை.

பிறகு திவ்யாவுக்குக் காய்ச்சல் வந்தது.

திவ்யா அவர்கள் ஒரே பெண். நாலு வயது, பாப்பா என்றுதான் வீட்டில் கூப்பிடுவது. சாயங்காலம் மடியில் வந்து சுருண்டவளின் நெற்றியை அன்பரசி தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை சுட்டது. மற்ற விரல்கள் சுட்டன. ஆள்காட்டி விரலுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. சூடு தெரியவில்லை, நெற்றியே தெரியவில்லை. மரத்துப்போன மாதிரிகூட இல்லை. அந்த விரல் அங்கே இல்லாதது போலிருந்தது. சமையலறைக்குப் போய் உப்பு ஜாடிக்குள் விட்டுப் பார்த்தாள். குழாய்த் தண்ணீரில் காட்டினாள். ஊக்கால் குத்தினாள். ரத்தம் முத்தாக வந்தது, வலி வரவில்லை. குழல்விளக்குக்குக் கீழே விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

நுனி வழவழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை. உரித்த வெங்காயம் மாதிரி.

அன்று இரவு அவள் கணவன் பார்த்திபன் மறைமலை நகர் கம்பெனிக்கு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவனிடம் காட்டினாள். "சோப்பு அலர்ஜியா இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பாப்பாவின் காய்ச்சல் விட்ட அன்று இரவு, பார்த்திபன் ஷிப்டுக்குப் போன பிறகு, கன்னியம்மா கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"வாணல்ல கருவாடு வறுத்துகினு இருந்தேன் அன்பு. கருகின வாசன வந்துச்சு. கருவாடுதான் தீயுதுன்னு நெனச்சு அடுப்ப தணிச்சேன். வாசன போவல." துணியைப் பிரித்தாள். "குனிஞ்சு பாத்தா என் கட்டவெரலு வாணல் விளிம்புமேல கீது. எம்மாம் நேரமா அங்க இருந்துச்சோ தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியலடி."

அன்பரசி அந்த விரலைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். "காலைல செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போலாங்க்கா, நானே கூட்டினு போறேன்," என்றாள்.

கன்னியம்மா போனதும் ஷட்டரை இறக்கினாள். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். தாமோதரனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கேபினெட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினாள். மழைக்கு முந்தைய புழுக்கம். தகடு வழுக்கித் திறந்தபோது சேற்று வாசனை முகத்தில் அடித்தது.

போன் டார்ச்சை உள்ளே அடித்தாள். கார்டு இருந்தது. உள்பக்கம் பார்த்த அந்தப் போர்ட் காலியாகத்தான் இருந்தது. அதன் வாயில் ஈரம் மினுங்கியது, அவ்வளவுதான். பெருமூச்சு விட்டு, கையிலிருந்த தகட்டைத் தரையில் சாய்த்து வைக்கப் போனாள். டார்ச் வெளிச்சம் அதன் உள்பக்கத்தில் விழுந்தது.

தகட்டின் உள்பக்கம் முழுக்க விரல் தடங்கள்.

மெல்லிய தூசியின் மேல், உப்பாகக் காய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக. பெரியவை, சின்னவை. தேய்ந்தவை. தழும்பு குறுக்கே ஓடியவை. மூலையிலிருந்து மூலைவரை ஏதோ ஒன்று ஒரு இடம் விடாமல் தடவித் தடவிப் பார்த்திருந்தது. வழி தேடுகிற குருடன் சுவரைத் தடவுவது போல. திருகு இருக்கும் ஓரங்களில்தான் அதிகம். அங்கே தூசியே இல்லை.

கார்டைப் பிடுங்கக் கையை நீட்டினாள். கை உள்ளே போகவில்லை. அவள் உடம்புதான் விடவில்லை.

டொடங்.

பிளக் தரையில் கிடந்தது. அவள் கண் எதிரில் கிடந்தது.

தகட்டை எப்படிப் பொருத்தினாள், எந்தத் திருகை முறுக்கினாள், எதை விட்டாள் என்று தெரியவில்லை. ஜெராக்ஸ் பேப்பர் கட்டுகளை இழுத்து அதன்மேல் முட்டுக்கொடுத்தாள். கூடத்துக்கு வந்து நடுக்கதவைச் சாத்தி, மேலே கீழே இரண்டு தாழ்ப்பாளும் போட்டாள். விடியும்வரை பாப்பாவை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் பார்த்திபன் கண்கள் சிவக்க வந்து சேர்ந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. "சரி, தூங்கி எந்திரிச்சு அத்த தூக்கி வெளிய போடறேன். போதுமா? நீ அந்தக்காவ கூட்டினு போ. மழைக்கு இஸ்கூலு லீவு வுட்டாங்க, பாப்பா என்னோட இருக்கட்டும்."

"நடுக்கதவத் தொறக்காத. நான் வர்ற வரைக்கும்."

"தொறக்கல தாயி. போ."

ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, கட்டுப் போட்டு, ஊசி போட்டு, மருந்து வாங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. டாக்டரம்மா அன்பரசியின் விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நரம்பு டாக்டர் வரும் நாளில் வரச் சொன்னார். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். ஈரக் குடையும் டீசலும் அவர்கள் துணியில் ஒட்டியிருந்த ஆஸ்பத்திரி ஃபினாயிலும் சேர்ந்து மூச்சை அடைத்தன. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் கண்டக்டரின் விசில்கூடத் தூரத்தில் கேட்பது போலிருந்தது. கன்னியம்மா ஜன்னல் பக்கம் சாய்ந்து, கட்டுப் போட்ட விரலை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அன்பரசியின் விரல் குறுகுறுத்தது.

முதலில் சந்தோஷம்தான். உணர்ச்சி திரும்புகிறது! நுனியில் சில்லென்று, வழவழப்பாக, தகரம் தொட்ட மாதிரி. முன் சீட்டின் கம்பியைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள்.

கை மடியில் இருந்தது. விரல் எதையும் தொடவில்லை.

தகரம் இன்னும் தெரிந்தது. தகரத்தின் ஓரம். ஓரத்தில் ஒரு திருகு. திருகு சுற்றியது. தானாகச் சுற்றி, தளர்ந்து, விரலிலிருந்து நழுவியது. கம்பியை விரலால் அழுத்திப் பார்த்தாள். கம்பி தெரியவில்லை. தகரம் தெரிந்தது.

கல்பாக்கத்தில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். விரலில் இப்போது காகிதம். உறை போட்ட கட்டு. வழவழவென்ற உறை, கூரான முனை. கட்டு நகர்ந்தது. ஒன்று. இன்னொன்று. அவள் கையால் இழுத்து வைத்த கட்டுகள். அவளுக்குத் தெரியாதா?

"க்கா," என்றாள். "உன் வெரலு..."

கன்னியம்மா கண்ணைத் திறந்தாள். அவள் தூங்கவே இல்லை. "உனக்குமா?" என்றாள். "தரையில தேய்க்கறாப்புல கீதுடி. ஈரத் தரை. சிமிட்டித் தரை."

ஷட்டருக்கு அடியில் மழைத்தண்ணீர் வந்துவிடும் அந்த முன்னறை. சிமெண்ட் தரை.

பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. பார்த்திபனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தூங்கும்போது போனைச் சத்தமில்லாமல் வைப்பது அவன் வழக்கம். மறுபடி போட்டாள். மறுபடி. அதற்குள் வேறொரு அழைப்பு குறுக்கே வந்தது. வாத்தியார் உலகநாதன்.

"அம்மாடி, தப்பா நெனைக்காதே," என்றது கிழக்குரல். "உன் கடையில வெச்ச மோதிர வெரல் இருக்கே, ஒரு வாரமா செத்துக் கெடந்தது. இப்ப எதையோ தொடறது. மரக்கதவு மாதிரி... கதவுக்கு அடியில சந்து மாதிரி. இது என்னம்மா?"

இணைப்பைத் துண்டித்தாள். உடனே போன் அடித்தது. தாமோதரன். அவள் எடுக்கவில்லை. அடுத்தது குப்பத்திலிருந்து. அதற்கடுத்தது வேறு யாரோ. போன் அடித்துக்கொண்டே இருந்தது. விரல் வைத்துப் போனவர்கள்.

அவள் விரல் சந்தில் நுழைந்தது. மரத்தின் சிலாம்பு உரசியது. பிறகு மொசைக் தரை. அவர்கள் கூடத்துத் தரை. அவள் தினமும் துடைக்கும் தரை. பிறகு பாயின் ஓரம், பிரிந்து தொங்கும் நூல். பிறகு கம்பளிப் போர்வை. பிறகு சொரசொரவென்று ஷேவ் செய்யாத தாடை. காதுக்குக் கீழே ஒரு மரு.

பார்த்திபனின் மரு.

விரல் அங்கே நின்றது. மருவைச் சுற்றித் தடவியது. அன்பரசி மூச்சை அடக்கிக்கொண்டாள். அவனோடேயே நின்றுவிடட்டும் என்று ஒரு நொடி நினைத்தாள், நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

விரல் அவனை விட்டுவிட்டு நகர்ந்தது.

"டிரைவரண்ணே, வேகமாப் போங்க!" என்று எழுந்து கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "வூட்ல கொழந்த... கொழந்த தனியா கீது!" கூவத்தூரில் மழை இன்னும் கனத்தது. கண்டக்டர் ஏதோ சமாதானம் சொல்லி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி இருந்த இடத்தில் ஒரு மர நிலை. கதவு. கதவின் மேல் ஏறி, ஏறி, இரும்பு. தாழ்ப்பாள். அது மெதுவாக, சத்தம் வராதபடி, விரலின் கீழே நகர்ந்து குழிக்குள் விழுந்தது.

போன். மறுபடி. மறுபடி.

முதலியார்குப்பம் தாண்டும்போது பார்த்திபன் எடுத்தான்.

"அன்பு? இன்னா இத்தினி மிஸ்டு கால்?" குரல் தூக்கத்தில் குழறியது. "நீ வந்துட்டியா? இப்பதான் யாரோ மூஞ்சியத் தொட்டாப்புல இருந்துச்சு. நீதான்னு நெனச்சேன்."

"பாப்பா எங்க?"

"உள்ள ரூம்ல தூங்கறா."

"போய் தூக்கு. இப்பவே போய் தூக்கு!"

அவன் எழுந்து நடக்கிற சத்தம். விரலில் மெத்தை விரிப்பு. ஒரு சின்னக் கொலுசு. ஒரு மணி உதிர்ந்துபோன கொலுசு.

"கதவு உள்தாப்பா போட்டுக் கீது," என்றான். குரலில் தூக்கம் போயிருந்தது. "பாப்பாவுக்கு எட்டாதே. அன்பு, நீயா போட்ட?"

"ஒட."

"இன்னாது?"

"கதவ ஒடய்யா!"

கவுனின் பொத்தான். சிறிய தோள். கன்னம். காய்ச்சல் விட்ட மெல்லிய, பூனை முடி படர்ந்த கன்னம். இத்தனை நாளாகத் தொட முடியாமல் தவித்த கன்னம். அன்பரசிக்கு அது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. மூச்சின் சூடு தெரிந்தது. உதட்டின் ஈரம் தெரிந்தது. விரல் கன்னத்திலிருந்து மெல்லக் கழுத்துக்கு இறங்கியது.

போனில் தோளால் கதவை இடிக்கும் சத்தம். "பாப்பா! பாப்பா!"

"அன்பு," என்றாள் கன்னியம்மா. அவள் கட்டுப் போட்ட கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுமேலயோ அமுத்திகினு கீதுடி. மெத்துனு... சின்னதா... உள்ள துடிச்சினு கீது."

அந்தக் கட்டைவிரல் மடங்கத் தொடங்கியது.

கன்னியம்மா மடக்கவில்லை. மற்ற நான்கு விரலும் விறைத்து நின்றன. கட்டைவிரல் மட்டும், வெள்ளைத் துணிக்குள், மெதுவாக, எதையோ வளைத்துப் பிடிப்பது போல உள்ளே வளைந்தது. "ஐயோ, நான் இல்ல, நான் இல்ல," என்று அவள் மறுகையால் அதைப் பற்றி இழுத்தாள். கட்டுத்துணியில் ரத்தம் கசிந்தது. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.

அன்பரசியின் ஆள்காட்டி விரலும் வளைந்தது.

போனைக் கீழே விட்டாள். இடது கையால் விரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினாள். முழங்காலுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். எலும்பு நறுக்கென்றது. வலிக்கவில்லை. பஸ் பரமன்கேணிப் பாலத்தில் ஏறியது, இரண்டு பக்கமும் மழையும் தண்ணீரும் ஒன்றாகக் கறுத்துக் கிடந்தன. காலடியில் கிடந்த போனில் கதவு இடிபடுகிற சத்தம், பார்த்திபனின் குரல், கதவு இடிபடுகிற சத்தம்.

பிறகு அந்தச் சத்தம் நின்றது.

ஒடிந்த பிறகும் விரல் வளைந்துகொண்டே இருந்தது.